மறுபடியும் ஒரு புது டெஸ்க்டொப்

பாப் ஓஎஸ் என்ற லினக்ஸ் இயங்குதளத்தைச் செய்கிறவர்கள், க்னோம் என்ற டெஸ்க்டொப்பை (மெனு, பட்டி, சாளரங்கள் என்று திரையில் தெரியும் பகுதியை) விட்டுவிட்டு, கொஸ்மிக் என்று சொந்த டெஸ்க்டொப்பையே ரஸ்ட் நிரல்மொழியில் எழுதியிருக்கிறார்கள். க்னோமின் புதுப் பதிப்பு வரும்போதெல்லாம் அதில் சேர்த்த நீட்சிகள் (கூடுதல் வசதிகள்) உடைந்தால் பொறுமை போகத்தான் செய்யும், அது விளங்குகிறது. ஆனாலும் வயிறு எரிகிறது. உபுண்டு என்ற லினக்ஸும் 2010இல் யூனிட்டி என்ற சொந்த டெஸ்க்டொப்பைத் தொடங்கி, 2017இல் கைவிட்டு, அதே க்னோமுக்குத்தானே திரும்பியது?

கிளிநொச்சியில் பிள்ளைகளின் பழைய கணினிகளுக்கு லினக்ஸ் போட்டுக் கொடுக்கிறவன் நான். 4 ஜிபி ராம், விட்டுவிட்டு வரும் இணையம், சரி, அதைச் சமாளிக்கலாம். தமிழ் உள்ளீடுதான் உயிரை வாங்குகிறது. ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருளில் ரெங்கநாதன் என்ற தமிழ் விசைப்பலகையைச் சேர்த்து, பிள்ளைகளுக்குப் பழக்கி முடிய, அடுத்த டெஸ்க்டொப்பில் அந்த அமைப்பு வேறெங்கோ இருக்கும். அப்புறம் மொழிபெயர்ப்பு. க்னோமுக்கும் கேடிஇ என்ற இன்னொரு டெஸ்க்டொப்புக்கும் தமிழ் ஆர்வலர்கள் வருடக்கணக்காகச் சம்பளமில்லாமல் மொழிபெயர்த்த வரிகள் புதியதற்குத் தானாக வந்து சேராது. திரும்பவும் யார் உட்கார்ந்து எழுதுவது?

லினக்ஸ் மின்டும் 2011 கடைசியில் சினமன் என்ற சொந்த டெஸ்க்டொப்பைத் தொடங்கியதுதான். ஆனால் சனத்துக்குப் பழகிய மெனுவையும் கீழ்ப் பட்டியையும் அது மாற்றவில்லை. நான் இன்றைக்கும் பிள்ளைகளுக்கு அதைத்தான் போடுகிறேன். கொஸ்மிக்காரர்களே, ஒவ்வொரு பதிப்பையும் வெளியிட முன் தமிழில் ஒரு பந்தி தட்டிப் பாருங்கள்.