வீட்டு வேலை பாக்குறதே எக்சசைஸ்தானேன்னு கேட்ட மதினிக்கு

போன வாரம் இலஞ்சில ஒரு கல்யாண வீடு. பந்தி முடிஞ்சு கை கழுவுற எடத்துல ஒரு சித்தி என் தோளை அமுக்கிப் பாத்துட்டு "என்னட்டி, தோளு இப்படிக் கல்லு மாதிரி இருக்கு, லோடு ஏத்தவா போற"ன்னு கேட்டாக. சுத்தி நின்னவங்க எல்லாம் சிரிச்சாச்சு. அதுல ஒரு மதினி மட்டும் சீரியஸா, "நாங்க வீட்டு வேலை பாக்கதே எக்சசைஸ்தான், இதுக்குன்னு தனியா வேற செய்யணுமாக்கும்"னு சொல்லிட்டுப் போனாக. பாயசக் கையோட நின்னுக்கிட்டு அங்க வச்சு என்னத்த பதில் சொல்ல. அதான் இங்க எழுதுறேன், நீளமாத்தான் போகும், அடுப்புல ஏதாவது இருந்தா எறக்கி வச்சுட்டு வாங்க.

மதினி சொன்னதையே நானும் இருபது வருசம் சொல்லிட்டுத்தான் இருந்தேன். காலைல அஞ்சு மணிக்கு எந்திரிச்சா ராத்திரி பத்து வரைக்கும் காலு நிக்காது, இதுக்கு மேல என்ன உடற்பயிற்சின்னு. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி ஒரு நாள் கேஸ் போடுற பையன் சிலிண்டரை கேட்டுக்கிட்டயே வச்சுட்டுப் போயிட்டான். காலி சிலிண்டரே 15, 16 கிலோ இருக்கும், உள்ள கேஸு 14.2 கிலோ, ஆக முப்பது கிலோ. தூக்கி அப்படியே ஒரு திருப்பு திருப்பி படில வச்சேன், அவ்வளவுதான், இடுப்புல ஏதோ சொடக்குன்னுச்சு. ஒன்பது நாள் படுக்கை. பல்லு வெளக்கக்கூட செவத்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் போனேன். இருபது வருசம் "எக்சசைஸ்" பண்ண உடம்பு, ஒத்த சிலிண்டருக்குப் படுத்துருச்சு பாத்தீங்களா.

இங்க செங்கோட்டைல காட்டுன எடத்துல மாத்திரையும் ஒரு பெல்ட்டும் குடுத்து "இனிமே கனமே தூக்கக் கூடாது"ன்னு அனுப்பிட்டாங்க. கனமே தூக்காம எந்த வீட்ல குடும்பம் நடக்குதுன்னு எனக்குப் புரியல. எங்க நாத்தனாரைக் குடுத்திருக்கிறது மலைக்கு அந்தப் பக்கம், கேரளாவுல இருக்க புனலூர்ல. செங்கோட்டைக்காரங்களுக்கு இது புதுசில்ல, 1956 நவம்பர் 1 வரைக்கும் இந்த ஊரே அந்தப் பக்கத்து திருவிதாங்கூர்-கொச்சியோடதான இருந்துச்சு, கல்யாணம் ஆஸ்பத்திரி ரெண்டுக்கும் மலை தாண்டித்தான் யோசிப்போம். ரயிலேறி பதிமூணு வளைவு வச்ச கண்ணறைப் பாலத்தை எல்லாம் பாத்துக்கிட்டே (இடுப்பு வலியில அன்னைக்கு அழகு ஒண்ணும் தெரியல) அங்க போனா, பிசியோதெரபி பாக்குற புள்ளைக்கு இருபத்தஞ்சு வயசு இருந்தா அதிகம். என்னை ஒரு சேர்ல உக்கார வச்சு, கையை நெஞ்சுல குறுக்கே கட்டச் சொல்லி, முப்பது செகண்டுல எத்தன தடவை முழுசா எந்திரிச்சு உக்காருறீங்கன்னு எண்ணுச்சு. பதினொண்ணு. அது மூஞ்சியே ஒரு மாதிரி ஆயிருச்சு. இந்த டெஸ்ட்டுல அறுபதுல இருந்து அறுபத்தி நாலு வயசுப் பொம்பளைக்கே பன்னெண்டுக்குக் கீழ போனா குறைச்சல்னுதான் கணக்காம். எனக்கு அப்ப நாப்பத்திரெண்டு.

"ரெஸ்ட் மாத்ரம் போரா சேச்சி, ஸ்ட்ரெங்த் வேணம்"னுச்சு, ரெஸ்ட் மட்டும் பத்தாது, பலம் வேணும்னு. பெல்ட்டைக் கழட்டி என் பைல போட்டு விட்டுருச்சு.

வீட்டு வேலை உழைப்பு, அதுல சந்தேகமே இல்ல. ஆனா அது பயிற்சி கிடையாது. நான் தூக்குற தண்ணி வாளி கல்யாணம் ஆன வருசம் 15 லிட்டர், இன்னைக்கும் 15 லிட்டர். அந்த வாளிக்கு எவ்வளவு பலம் வேணுமோ அதை உடம்பு முதல் ஆறு மாசத்துலயே சேத்துக்கிச்சு, அதுக்கப்புறம் எதுக்கு மெனக்கெடப் போகுது. கனம் கொஞ்சம் கொஞ்சமா ஏறுனாத்தான் சதை "ஓ, இது பத்தாது போல"ன்னு வளரும். வேலைல கனம் ஏறாது, அலுப்புதான் ஏறும். இதுல வயசு வேற, முப்பது தாண்டுனாலே சதை கொஞ்சம் கொஞ்சமாக் கரைய ஆரம்பிச்சிருது, மாதவிடாய் நிக்கிற காலத்துல எலும்பும் சேந்து தேயும். வாளி மட்டும் அதே வாளி.

சரி, கனமான வேலை பாத்தா சரியாயிருமான்னா அதுவும் இல்ல. எங்கப்பா இங்க மரக்கடைல லோடுமேன். மலைக்கு அந்தப் பக்கத்துல இருந்து வர்ற மரத்தடியை எல்லாம் தோள்ல வாங்குனவரு. எப்பவும் வலது தோளு, வலது தோளு மட்டும்தான், அங்க ஒரு தடிப்பே இருக்கும், சின்ன வயசுல நாங்க அதைத் தொட்டுத் தொட்டுப் பாப்போம், கெட்டித் தோலு மாதிரி வழவழன்னு. அறுபது வயசுல அவரால அந்தக் கையைத் தூக்கித் தலை சீவ முடியல. அம்மாதான் சீவி விட்டா. ஊருல அவரு பலத்துக்குப் பேரு இருந்துச்சு, ஆனா கனத்தைத் தேர்ந்தெடுத்தது லாரிக்காரன், ஓய்வு எப்பன்னு முடிவு பண்ணது கூலி குடுக்குறவன். ஒரு நாள் இந்தத் தோளு ஒரு நாள் அந்தத் தோளுன்னு மாத்தி விட்டிருந்தாக்கூட வேற மாதிரி இருந்திருக்கும்னு நெனைப்பேன். நாம செய்யுற பயிற்சில கனம், எண்ணிக்கை, ஓய்வு எல்லாம் நம்ம கைல இருக்கு. எனக்கு அந்த வித்தியாசம் பெருசு.

இப்ப சாமானுக்கு வருவோம், எல்லாரும் கேக்குறது அதைத்தான். ஜிம்முக்குப் போகலையான்னு கேட்டா, போனேன், ஒரு மாசம். பொம்பளைங்கன்னா ரெண்டு கிலோ ரோஸ் கலர் டம்பெல்லைக் கைல குடுத்துட்டு "வெயிட்டைக் குறைக்கலாம் மேடம்"ங்குறாங்க. எனக்குக் குறைக்க வேண்டியது ஒண்ணும் இல்ல, கூட்டணும். கட்டுன காசு போனாப் போகுதுன்னு விட்டுட்டேன்.

எங்க வீட்ல இருக்கிறதுலயே நல்ல மெசின் மாடிப்படிதான். தண்டால் எடுக்கணும்னா தரைல விழுந்து முக்கக் கூடாது. முதல்ல செவத்துல கை ஊன்றி எடுத்தேன், அப்புறம் அடுக்களைத் திண்டு, அப்புறம் படி. அஞ்சாவது படில கை வச்சு மூணு செட்டு, செட்டுக்குப் பன்னெண்டு சுத்தமா வந்துச்சுன்னா நாலாவது படிக்கு எறங்கு. எறங்க எறங்கக் கனம் ஏறும், ஏன்னா உடம்பு எடை அவ்வளவு கைக்கு வருது. தரைல எடுக்குற தண்டால்ல உடம்பு எடைல சுமார் மூணுல ரெண்டு பங்கு கைல நிக்கும், முட்டி போட்டு எடுத்தா சுமார் பாதி. நான் 62 கிலோ, அப்ப தரைன்னா 40 கிலோகிட்ட. இதை நேராத் தூக்குன்னா யாராவது தூக்குவாங்களா? ஒவ்வொரு படியா எறங்குனா ஏழு மாசத்துல தரைக்கு வந்துட்டேன். முதல் ஒண்ணு எடுத்தப்ப நைட்டில கால் மாட்டி நாடி தரைல இடிச்சுக்கிச்சு, அது வேற கதை. அதுல இருந்து பேன்ட்டுதான்.

தண்டால் முன்பக்கத்துக்கு. முதுகுக்கு இழுக்குற வேலை வேணும், வீட்டுல பயிற்சி பண்றவங்க நெறைய பேரு விடுறது இதைத்தான். எங்க வீட்டுக்காரவுக லாரில தார்ப்பாய் கட்டுற கயிறு கொண்டு வந்தாக, மாடில துணி காயப்போட ரெண்டு தூணுக்கு நடுவுல போட்ட இரும்பு பைப்புல நான் அதைக் கட்டி, நுனில ரெண்டு பிவிசி துண்டைக் கைப்பிடியாக் கோத்து, பிடிச்சுக்கிட்டுப் பின்னால சாஞ்சு நெஞ்சைக் கைகிட்ட இழுக்கணும். காலை முன்னால தள்ளத் தள்ளக் கனம். ரெண்டாவது நாளே என் முடிச்சு அவுந்து சடார்னு பின்பக்கமா உக்காந்துட்டேன், நல்லவேளை சாஞ்சது கொஞ்சம்தான். இவுக சிரிச்சுக்கிட்டே லாரி முடிச்சுப் போட்டுக் குடுத்தாக, அது இன்னைக்கு வரைக்கும் அவுரல. முடிச்சு தெரியாதவங்க தெரிஞ்சவங்களைக் கூப்புடுங்க, பைப்பு நம்ம எடையைத் தாங்குமான்னும் பாத்துக்கங்க, கௌரவம் பாக்காதீங்க.

உக்காந்து எந்திரிக்கிறதுக்கு, அதாவது பஸ்கிக்கு, பையனோட பழைய ஸ்கூல் பேக்கை முன்னால மாட்டிக்கிட்டு உள்ள ரேஷன் அரிசி. ஒவ்வொரு கிலோவாக் கவர்ல கட்டி வச்சிருக்கேன், ரெண்டு வாரத்துக்கு ஒரு கவர் கூடும். கேரளா எல்லைல இருக்க புளியரை செக்போஸ்ட்ல கடத்துன ரேஷன் அரிசி பிடிச்சாங்கன்னு அடிக்கடி பேப்பர்ல வருது, என் அரிசி மேலயும் கீழயும் மட்டும்தான் போகுது சார். இந்த பஸ்கிலதான் எனக்குப் பெரிய வெக்கம், பாதிக்கு மேல உக்காரவே முடியல. வெஸ்டர்ன் டாய்லெட் போட்டு பதினஞ்சு வருசம் ஆச்சு, டைனிங் டேபிளும் வந்தாச்சு, அருவாமணையும் போயாச்சு. குத்தவச்சு உக்காருறதுக்கு ஒரு நாளைல ஒரு காரணமும் இல்லாமப் போச்சு, பிறகு முட்டி எப்படி மடங்கும்.

அடுத்து சுமக்குறது. 20 லிட்டர் பெயிண்டு வாளி ரெண்டு, பக்கத்துல வீடு கட்டுறவங்ககிட்ட கேட்டு மணல் போட்டேன். முழுசா ரொப்புனா காஞ்ச மணலே முப்பது கிலோவைத் தாண்டிரும், அதனால ஆரம்பத்துல கையளவுக்கு. கம்பி கையை அறுத்துச்சு, சைக்கிள் ட்யூபைச் சுத்துனேன். ரெண்டு கைலயும் பிடிச்சுக்கிட்டு மாடில இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கணும், அவ்வளவுதான். பாக்க ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும். ரெண்டாவது நடைல கை, தோளு, வயிறு, கெண்டைக்காலு எல்லாம் பேசும். சிலிண்டருக்கு இதைவிட நல்ல ஒத்திகை இல்ல. வாளியைத் தரைல இருந்து எடுக்குறதுதான் முக்கியமான எடம். புட்டத்தைப் பின்னால தள்ளி, முதுகு வளையாம, வாளி உடம்போட ஒட்டி வரணும், தூக்குன பிறகு திரும்பணும்னா காலை எடுத்து வச்சுத் திரும்பணும், இடுப்பை முறுக்கக் கூடாது. அன்னைக்கு நான் பண்ணது எல்லாமே இதுக்கு நேர் எதிர்.

எவ்வளவு கனம்னு தெரியாமத் தூக்கக் கூடாதுன்னு எனக்கு ஒரு பிடிவாதம். அதனால வாளி, ஆட்டுக்கல்லு குழவி எல்லாத்தையும் ஆட்டோல ஏத்திப் பழைய இரும்புக்கடை தராசுக்குக் கொண்டு போனேன். குழவி ஒன்பது கிலோ முன்னூறு. கடைக்கார அண்ணாச்சி "கல்லு நாங்க எடுக்குறதில்லையேம்மா"ன்னாரு. விக்கலண்ணே, எடை மட்டும்னேன். ஏன்னு கேட்டாரு. சொன்னேன். கொஞ்ச நேரம் என்னையே பாத்துட்டு டீ சொல்லி விட்டாரு.

இதெல்லாம் யூடியூப்ல பாத்து வந்த பேசன்னு நெனைக்காதீங்க. கர்லாக்கட்டையும் இளவட்டக்கல்லும் நம்ம பக்கத்துச் சாமான். திருநெல்வேலி மாவட்டத்துல வடலிவிளைல பொங்கலுக்கு இன்னமும் இளவட்டக்கல்லு தூக்குற போட்டி நடக்குது. மலைக்கு அந்தப் பக்கம் களரில வாளைத் தொடுறதுக்கு முன்னாடி மெய்த்தாரின்னு ஒண்ணு, வெறும் உடம்பை வச்சே குனிஞ்சு தாழ்ந்து காலை வீசி மாசக்கணக்குல. கேரளாவுல இருக்க வடகரைல மீனாட்சியம்மா எழுபது வயசு தாண்டியும் களரில வாளைப் பிடிச்சு நின்னாங்க, 2017ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. அவங்களைப் பாத்து யாரும் "என்ன ஆம்பள மாதிரி"ன்னு கேக்கல. நான் பெயிண்டு வாளி தூக்குனா மட்டும் கேக்குறீங்க சித்தி.

ரொம்ப நேரமெல்லாம் ஆகாது. வாரத்துக்கு மூணு நாளு, அரை மணி நேரம். உலக சுகாதார நிறுவனமே 2020ல சொன்னது வாரத்துக்கு ரெண்டு நாளாவது தசைக்கான பயிற்சி வேணும்னுதான், நடைப்பயிற்சி அதுக்கு மேல தனி. நடக்குறது நல்லது, ஆனா நடந்தா தோளுக்குப் பலம் வராதுல்ல. தூக்கும்போது மூச்சை அடக்காதீங்க, பிரஷர் எகிறும். கர்ப்பப்பை ஆபரேசன், எறக்கம் இருக்கவங்க டாக்டர்ட்ட கேக்காம வாளியைத் தொடாதீங்க. சாப்பாட்டுல பருப்பு, முட்டை, மீனு கூட்டுங்க, சோத்தை மட்டும் தின்னுட்டு சதை வரலன்னா எப்படி. சுகர் இருக்கவங்களுக்கு இன்னொரு லாபம், வேலை செய்யுற சதை ரத்தத்துல இருக்க சர்க்கரையை இன்சுலினைக்கூட எதிர்பாக்காம இழுத்துக்கும்.

கடைசியா எங்க அத்தை. எழுபத்தொரு வயசு. போன வருசம் பூஜைக்குத் தரைல உக்காந்தவுக எந்திரிக்க முடியாம, வீட்ல ஆளில்லாம, முக்கா மணி நேரம் விளக்கு முன்னாடியே இருந்துருக்காக. நான் வந்து பாத்தப்ப அழல, "பூ வாங்கிட்டு வந்தியா"ன்னுதான் கேட்டாக, ஆனா கை நடுங்குச்சு. மறுநாளே சேரை செவத்தோட ஒட்டிப் போட்டேன். முதல்ல கையூன்றி அஞ்சு. இப்ப கையூன்றாம முப்பது செகண்டுக்கு ஒன்பது வருது. அவுக வயசுக்குப் பத்து வேணும். அத்தை பத்துங்குறாக, நான் ஒன்பதுங்குறேன், கடைசி ஒண்ணுல முழுசா நிமிரலைன்னு டெய்லி சண்டை. எண்ணுறதுக்கு இப்ப பேரனைக் கூப்புடுறாக, அவன் பாட்டி கட்சி.

இப்ப சாரல் வேற விழ ஆரம்பிச்சிருச்சு. நேத்து வாளியை மூடாம மாடில விட்டுட்டேன், மணல் நனைஞ்சு கனம் கூடிப்போச்சு. எவ்வளவுன்னு தெரியல. திங்கக்கிழமை இரும்புக்கடைக்குப் போகணும்.