பிடி அரிசியும் சாட்சிதான்
வண்டியில் பைபிள் வசனம் ஒட்டுவதும் ஆபீஸ் மேசையில் பைபிள் வைப்பதும்தான் விசுவாசத்தை வெளியே காட்ட முதல் படி என்று இங்கே வந்த கட்டுரையில் சொல்லியிருப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. எங்கள் அம்மா ஒரு ஸ்டிக்கர்கூட ஒட்டியதில்லை. தினமும் உலைக்கு அரிசி அளந்ததும் அதிலிருந்து ஒரு பிடி எடுத்து அடுப்படி மூலையில் இருந்த மண் கலயத்தில் போடுவார், ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்கு, அதாவது சர்ச்சுக்குப் போகும். திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் இது பழைய வழக்கம், மிசோரமில் பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910-லிருந்து இதையே செய்கிறார்கள், அந்த அரிசியை விற்ற பணம் ஊழியத்துக்குப் போகிறது. மாதக் கடைசியில் எங்களுக்கே கஞ்சிதான் என்ற நாளிலும் அம்மா அந்தப் பிடியை நிறுத்தவில்லை. பக்கத்து வீட்டு அக்கா, அவர் கிறிஸ்தவர் இல்லை, அதைப் பார்த்துத்தான் ஒருநாள் "ஏன்க்கா இப்படி எடுத்து வைக்கிறீங்க" என்று கேட்டார், அம்மா அவரிடம் முதன்முதலாக இயேசுவைப் பற்றிப் பேசியது அன்றைக்குத்தான். கட்டுரைக்கு எனக்கு முன்பே கருத்து எழுதிய ஒரு நண்பர், வலது கை செய்வது இடது கைக்குத் தெரியக் கூடாது என்று மத்தேயு 6-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது, அதனால் எதையுமே வெளியே காட்டக் கூடாது என்கிறார். சரி, ஆனால் இயேசுவின் அதே மலைப்பிரசங்கத்தில், மத்தேயு 5:16-ல், நம் நற்கிரியைகளை மனுஷர் காணட்டும் என்றும் இருக்கிறதே. 6-ஆம் அதிகாரம் தடுப்பது ஆள் பார்க்க வேண்டும் என்பதற்காகவே செய்வதை. அம்மா யாரையும் கூப்பிட்டுக் காட்டவில்லை, ஒளிக்கவும் இல்லை. இப்போது என் வீட்டில் கலயம் இல்லை, குக்கர் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பா இருக்கிறது, என் மகள்தான் தினமும் ஒரு பிடி அள்ளிப் போடுகிறாள்.