வாளியில் இருப்பது மீன், கரையில் இருப்பது மயில்துத்தம்

அந்தப் படத்தைப் பற்றி எதுவும் எழுதக் கூடாது என்று மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். எந்தப் படம் என்று உங்களுக்கே தெரியும். ஆரஞ்சு வாளி, சுற்றிலும் குழந்தைகள், தண்ணீரில் விழும் ட்ரவுட் மீன் குஞ்சுகள், மேலே 'கிளார்க் ஃபோர்க் மீண்டது' என்று ஒரு வரி. கிளார்க் ஃபோர்க் என்பது அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், நம் மிசூலா ஊர் வழியாக ஓடும் ஆறு. கீழே நான் கேட்டது ஒரே கேள்வி: "கரையில் இருக்கும் மண்ணை எடுத்தாயிற்றா?" அதற்குக் கிடைத்த பட்டம் 'நெகட்டிவ் அண்ணன்'. சரி, இருந்துவிட்டுப் போகிறேன்.

முதலில் ஒன்று. மொன்டானாவில் ஆறுகளில் பண்ணை மீன் விடும் வழக்கத்தை 1974இலேயே நிறுத்திவிட்டார்கள். மேடிசன் ஆற்றில் ஆராய்ந்து பார்த்ததில், பண்ணை மீனைக் கொட்டக் கொட்ட ஆற்றில் பிறந்து வளர்ந்த மீன் குறைகிறது என்று தெரிந்தது. ஆகவே குழந்தைகள் ஊற்றியது ஆற்றில் அல்ல, பக்கத்துக் குட்டையில். உற்றுப் பாருங்கள், பின்னால் நாணல் நிற்கும். குட்டையில் மீன் விட்டு ஆற்றை மீட்ட முதல் ஊர் நம்முடையதுதான். வாழ்த்துகள்.

இந்த ஆற்றுக்கு என்ன நடந்தது என்பது ரகசியமில்லை. மேலே பியூட்டில் செம்புச் சுரங்கங்கள், அனகோண்டாவில் உருக்காலை. கழிவையெல்லாம் இந்த ஆற்றின் தலைப்பகுதியான சில்வர் போ ஓடையில் விட்டார்கள். 1908 ஜூனில் பெருவெள்ளம் வந்து, ஆர்சனிக்கும் செம்பும் கலந்த அந்த மண்ணை வழிநெடுகப் பரப்பிக்கொண்டே போனது. அதே வருடத் தொடக்கத்தில்தான் மிசூலாவுக்கு மேலே மில்டவுன் அணையைக் கட்டி முடித்திருந்தார்கள். கீழே வந்த மண் அங்கே தங்கியது. 1981இல் மில்டவுன் கிணறுகளில் ஆர்சனிக் இருப்பது தெரிந்தது. மீன் அதற்கு எவ்வளவோ முன்பே தெரிந்துகொண்டிருக்கும், அதற்குத்தான் பேச வராது.

ட்ரவுட் தாய் மீன் வாலால் பரல் கல்லைத் தோண்டிக் குழி பறித்து முட்டையிட்டு மூடிவிடும். பிரவுன் ட்ரவுட் இலையுதிர் காலத்தில் இட்டால் குளிர்காலம் முழுக்க முட்டை கல்லுக்கு அடியிலேயே கிடக்க வேண்டும். கல் இடுக்கு வழியாகத் தண்ணீர் ஓடினால்தான் அதற்கு மூச்சு. அந்த இடுக்கில் மாவு போன்ற வண்டல் அடைத்துக்கொண்டால் முட்டை மூச்சுத் திணறிச் சாகும். வண்டலில் செம்பும் இருந்தால், தப்பிய குஞ்சின் செவுளில் அது வேலையைக் காட்டும். அதனால்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன்: மண்ணை எடுத்தாயிற்றா?

செம்பு என்ன செய்யும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். எங்களுக்குக் கம்பம் பக்கம் திராட்சைத் தோட்டம். மயில்துத்தம் என்கிற செம்பு உப்பும் சுண்ணாம்பும் கலந்து, பூஞ்சைக்கு மருந்தாகப் போர்டோ கலவை அடிப்போம். எனக்குப் பத்து வயது இருக்கும்போது, மயில்துத்தம் கரைத்த டிரம்மை, அடியில் கொஞ்சம் நீலத் தண்ணீரோடு, வாய்க்காலில் கழுவினேன். கொஞ்ச நேரத்தில் அயிரை மல்லாந்து மிதந்தது. அப்பா விட்ட அறை இன்னும் காதில் கேட்கிறது. அதைவிட, செத்த மீனை ஒவ்வொன்றாக என்னையே பொறுக்க வைத்தாரே, அதுதான் மறக்கவில்லை.

இங்கே வந்த பிறகு, பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒரு ஜூலையில் ஆற்றின் மேல்பகுதியில் இருக்கும் டியர் லாட்ஜ் பக்கம் தூண்டில் போடக் கூட்டிப்போனார். கரையில் ஒரு புல்கூட முளைக்காத மொட்டைத் திட்டுகள். இங்கத்திக்காரர்கள் ஸ்லிக்கன்ஸ் என்பார்கள். வெயிலில் காய்ந்த அந்த மண்மேல் பச்சையும் நீலமுமாக ஒரு படலம், புளி போட்டுத் தேய்க்காத செம்புக் குடத்தில் களிம்பு ஏறியது போல. விரலில் தொட்டுப் பார்த்தேன். அப்பாவின் டிரம். கோடையில் திடீரென்று இடிமழை பெய்தால் இந்த உப்பு கரைந்து ஆற்றில் இறங்கும், மீன் கூட்டம் கூட்டமாகச் சாகும் என்றார் பெரியவர். 1980களில் அப்படிச் செத்ததை நேரில் பார்த்தவர்.

சில்வர் போ ஓடை முடியும் இடத்தில், கழிவைப் பிடித்து நிறுத்தும் வார்ம் ஸ்பிரிங்ஸ் குட்டைகளில் தண்ணீரில் சுண்ணாம்பு கலந்துதான் செம்பைப் படிய வைக்கிறார்கள். மயில்துத்தத்துக்குச் சுண்ணாம்பு. அப்பா கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

இப்போது வருவார்கள். "மண்ணைக் கிளறினால் இன்னும் கலங்கும், அப்படியே விட்டால் அடங்கிவிடும்." அடங்குமா? 1996 பிப்ரவரியில் பனிக்கட்டி மிதந்து வந்து மில்டவுன் அணையை மிரட்டியது. நீர்மட்டத்தை இறக்கினார்கள். ஒரு மனிதனும் மண்வெட்டி எடுக்காமலேயே வண்டல் அரித்துக் கீழே போய் மீனைக் கொன்றது. அதற்குப் பிறகுதான் பலருக்குப் புத்தி வந்தது. 2008 மார்ச் 28 அன்று அணையை உடைத்தார்கள். சுமார் 17 லட்சம் கன மீட்டர் வண்டலை ரயிலில் ஏற்றினார்கள். அதற்குப் பெயர் சீரமைப்பு. நூறு வருடம் அந்தச் சுவரில் முட்டிக்கொண்டிருந்த புல் ட்ரவுட் (bull trout) என்ற நாட்டு மீனுக்கு வழி திறந்தது.

"அப்போ நல்லதும் நடந்திருக்கே அண்ணா?" நடந்தது தம்பி, நான் இல்லை என்றேனா? சில்வர் போ ஓடையில் ஒரு மீன்கூட இல்லாமல் இருந்தது. நச்சு மண்ணை மைல் கணக்கில் தோண்டி எடுத்தார்கள், புதிதாக வளைவு போட்டு ஓடையை ஓட விட்டார்கள். கிளை ஓடைகளில் ஒளிந்து பிழைத்திருந்த நாட்டு ட்ரவுட் தானாக இறங்கி வந்தது. யாரும் வாளியில் கொண்டுவரவில்லை. மாநில அரசு சுரங்கக் கம்பெனியிடம் வழக்காடி, 1983இல் போட்ட வழக்குக்கு 1999இல் 21.5 கோடி டாலர் வாங்கித்தான் இது நடந்தது. பதினாறு வருடம்! படம் எடுக்கப் பதினாறு நொடி.

"நீங்களும் செம்புக் கம்பி போட்ட வீட்டில்தானே இருக்கிறீர்கள்?" ஆமாம். சாப்பிட்டவன் இலையை எடுக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன், சாப்பிடாதே என்று சொல்லவில்லை.

"பிரவுன் ட்ரவுட்டே ஐரோப்பாவிலிருந்து வந்தேறிய மீன், அதற்கு ஏன் இவ்வளவு அழுகை?" இதற்குப் பதில் யோசிக்கவே எனக்கு இரண்டு நாள் ஆனது. எழுதியவர் சென்னையிலிருந்து வந்து இங்கே வீடு வாங்கியவர். நான் கம்பத்திலிருந்து வந்தவன். வந்தேறி என்ற சொல்லை நாம் எடுக்காமல் இருப்பது நல்லது.

தோண்டிய வண்டல் எங்கே போனது என்று ஒருவரும் கேட்கவில்லை. அனகோண்டாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊருக்குப் போனது. ஊரின் பெயர் ஆப்பர்ச்சூனிட்டி, அதாவது 'வாய்ப்பு'. உருக்காலைக் கழிவு ஏற்கெனவே அங்கேதான் மலையாகக் கிடந்தது. மிசூலாக்காரர்களான நமக்குச் சுத்தமான ஆறு, அவர்களுக்கு நம் மண். நம் படத்தில் அந்த ஊர்க் குழந்தை ஒன்றாவது இருந்ததா?

மேல் கிளார்க் ஃபோர்க்கில் பிரவுன் ட்ரவுட் சமீப வருடங்களில் மோசமாகக் குறைந்திருக்கிறது. வெப்பம், வறட்சி, செம்பு, எது எவ்வளவு என்று வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். வாதாடட்டும். டியர் லாட்ஜ் பள்ளத்தாக்கில் எடுக்க வேண்டிய மண் இன்னும் கிடக்கிறது. அது கிடக்கும்போது 'மீண்டது' என்று எழுதினால், மிச்ச வேலைக்குப் பணம் கேட்கிறவனிடம் "அதான் மீண்டுவிட்டதே" என்பார்கள். இதைச் சொன்னால் நான் நெகட்டிவ்.

மூன்று நாள் ஏன் சும்மா இருந்தேன் என்று கேட்பீர்கள். படத்தில் இடமிருந்து இரண்டாவது நிற்பது என் மகள். நேற்றுத் தூங்கும் முன், "அப்பா, என் மீன் இப்போ ஆத்துல எங்க போயிருக்கும்?" என்று கேட்டாள். குட்டை என்று சொல்ல வாய் வரவில்லை. "இன்னும் கொஞ்ச தூரம்தான் போயிருக்கும், தூங்கு" என்றேன்.