வரைந்தது நீதானே, வாசிக்க மட்டும் தெரியாதா?

இசையைத் திரையில் குறிகளாக எழுதினால் வாசித்தும் காட்டுகிற நோட்டேஷன் சாஃப்ட்வேரோடுதான் என் சண்டை. நாலு பார் (தாளச் சுற்று) நீளத்துக்கு செல்லோவில் ஒரே ஒரு சுரம். பியானிசிமோவில், அதாவது மிக மெல்லத் தொடங்கி, ஃபோர்ட்டிசிமோ வரை, அதாவது மிகப் பலமாக, வளர வேண்டும். அதற்கடியில் ஒலி படிப்படியாக வளர வேண்டும் என்று சொல்லும் கிரெஷெண்டோ கோட்டை நீளமாக இழுத்து வைத்திருக்கிறேன். பிளே அழுத்தினால் செல்லோ முனகலாக ஆரம்பிக்கிறது, நாலு பாரும் அதே முனகலாகவே கிடக்கிறது, ஐந்தாவது பாரின் முதல் அடியில் திடீரென்று காதைக் கிழிக்கிறது. அந்தக் கோட்டைத் திரையில் வரைந்தது இதே சாஃப்ட்வேர்தான். கோட்டின் நீளம், தொடக்கம், முடிவு எல்லாமே அதற்குத் தெரியும். ஆனால் அதன் அர்த்தம் மட்டும் தெரியாதாம்!

காரணம் தெரியாமல் கத்தவில்லை. மிடி வந்தது 1983-இல், கீபோர்டுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்காக. ஒரு கட்டையை எவ்வளவு வேகமாக அழுத்தினீர்கள் என்பதுதான் வெலாசிட்டி, உச்சம் 127. பியானோவுக்கு அது போதும். சுத்தி அடித்த பிறகு அந்தச் சுரத்தைப் பெரிதாக்க யாராலும் முடியாது. செல்லோக்காரருக்கோ வில்லை இழுக்கத் தொடங்கிய பிறகுதான் வேலையே. சுரம் ஒலிக்கும்போதே அதை மாற்றுவதற்குத் தனியாக கன்ட்ரோலர் எண்கள் மிடியில் இருக்கின்றன. இருந்து என்ன பயன்? ஒரு சாம்பிள் லைப்ரரி (நிஜ வாத்தியங்களைச் சுரம் சுரமாகப் பதிவு செய்த தொகுப்பு) ஒலி வளர்வதை 1-ஆம் எண்ணில் கேட்கும், இன்னொன்று 11-இல் கேட்கும். வயலினை ஒன்றிலிருந்தும் ஓபோவை இன்னொன்றிலிருந்தும் எடுத்தால், அன்று ராத்திரி தூக்கம் போச்சு.

அப்புறம் கீஸ்விட்ச். வயலின் வரிக்கு மேல் 'பிட்ஸ்', அதாவது பிட்சிகாட்டோ, என்று எழுதினால், வாசிப்பவர் வில்லை விட்டுவிட்டு விரலால் சுண்டுவார். லைப்ரரிக்கு இதைச் சொல்ல, வயலினால் எட்டவே முடியாத ஆழத்தில் ஒரு சுரத்தைச் சத்தமில்லாமல் அழுத்திக் காட்ட வேண்டும். லைப்ரரியின் கையேட்டில் அந்தச் சுரம் 'இ0' என்று போட்டிருந்தது. நானும் இ0 போட்டேன். ஒரு மாற்றமும் இல்லை. இரண்டு மணி நேரம் கேபிள், டிரைவர், அமைப்புகள் என்று எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். கடைசியில் பார்த்தால், மிடியின் 60-ஆம் சுரத்துக்கு, அதாவது பியானோ நடுவில் இருக்கிற சி-க்கு, சிலர் சி3 என்று பெயர் வைத்திருக்கிறார்கள், சிலர் சி4 என்று. லைப்ரரி ஒரு கட்சி, என் சாஃப்ட்வேர் மறு கட்சி. நான் ஓர் ஆக்டேவ் (ஸ்தாயி) தள்ளி, ஆளே இல்லாத வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தேன். இதைக் கையேட்டில் ஒரு வரி எழுதினால் மை தீர்ந்துவிடுமா?

அதைச் சரி செய்தால் அடுத்தது தாமதம். நிஜ வயலின் பதிவில் சுரம் உருவாகவே கொஞ்சம் நேரம் பிடிக்கும், அதனால் மெதுவான சுரங்கள் எப்போதும் பின்தங்கியே வருகின்றன. பேஸ் சரியாக அடியில் சுண்டுகிறது, வயலின்கள் பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் மாதிரி ஓடி வந்து சேர்கின்றன. வேகமான ஸ்டக்காட்டோவை (துண்டு துண்டாக வாசிக்கும் சுரங்களை) பற்றிச் சொல்லவே வேண்டாம்: ஒரே சாம்பிள் திரும்பத் திரும்ப, அப்படியே மெஷின் கன்.

இத்தனைக்கும் வழி இருக்கிறது, செய்து பார்த்தேன். ஒவ்வொரு பகுதிக்கும் மறைவான கீஸ்விட்ச் சுரங்கள், மறைவான டைனமிக்ஸ் (ஒலி ஏற்ற இறக்கக் குறிகள்), தாமதத்தை ஈடுகட்ட முன்னால் நகர்த்திய சுரங்கள். கேட்க ஓரளவு ஆர்கெஸ்ட்ரா மாதிரி ஆயிற்று. ஆனால் அந்தப் பக்கத்தை அச்சிட்டுக் கொடுத்தால் வாசிப்பவர் என்னை அடிக்க வருவார். ஆகவே இப்போது ஒரே இசைக்கு என்னிடம் இரண்டு ஃபைல்: ஒன்று கண்ணுக்கு, ஒன்று காதுக்கு. ஒன்றில் ஒரு ஃபிளாட் குறியைத் திருத்தினால் மற்றதிலும் ஞாபகமாகத் திருத்த வேண்டும். நோட்டேஷன் சாஃப்ட்வேர் வாங்கியதே ஒரு முறை எழுதினால் போதும் என்றுதானே?

நேற்று ஆர்கெஸ்ட்ரா நடத்துநரிடமிருந்து செய்தி: "சின்ன மாற்றம்தான். 41-ஆம் பாரிலிருந்து ஒரு டோன் கீழே இறக்கிடுங்க." சின்ன மாற்றம்! கண்ணுக்கான ஃபைலில் பத்து வினாடி வேலை. காதுக்கான ஃபைலிலும் அதே மாதிரி மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, ஒரு டோன் இறக்கி, பிளே அழுத்தினேன். மறைத்து வைத்த கீஸ்விட்ச் சுரங்களும் கூடவே இறங்கிவிட்டன. இ-யில் இருந்த பிட்சிகாட்டோ டி-க்கு வந்துவிட்டது. அந்த லைப்ரரியில் டி என்றால் ட்ரெமலோ. மென்மையாகச் சுண்ட வேண்டிய இடத்தில் முதல் வயலின்கள் மொத்தமும் குளிர் காய்ச்சல் வந்த மாதிரி நடுங்கிக்கொண்டிருக்கின்றன. மொத்தம் 63 கீஸ்விட்ச். ஒவ்வொன்றாக மேலே ஏற்றிக்கொண்டிருக்கிறேன், இப்போது 22-இல் நிற்கிறேன்.