‘டிசாஸ்ட்ரஸ்’ எங்கே பொருந்தும்?

‘டிசாஸ்டர்’ (அனர்த்தம்), ‘டிசாஸ்ட்ரஸ்’ என்ற ஆங்கிலச் சொற்களைப் பற்றி ஒருவர், “டிசாஸ்டரும் டிசாஸ்ட்ரஸும் ஒன்றுதான், நிவாரணக் கடிதத்தில் எதைப் போட்டாலும் சரி, இரண்டும் லத்தீனில் அழிவைக் குறித்த சொல்” என்று எழுதியிருக்கிறார். இரண்டும் ஒன்று என்றதும் பிழை, லத்தீன் என்றதும் பிழை. இதைப் பார்த்து எங்கட பிள்ளைகளும் கிராம அமைப்புகளும் கடிதம் எழுதினால் கருத்தே மாறிப்போகும்.

‘டிசாஸ்ட்ரஸ்’ தனக்குப் பின்னால் வரும் பெயரையே நாசம் விளைவித்தது, படுமோசமானது என்று சொல்லும். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்ட நேரம் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வயல்களை மூடிய வெள்ளத்துக்கு அது பொருந்தும். ஆனால் பிரதேச செயலகத்திடம் ‘டிசாஸ்ட்ரஸ் ரிலீஃப்’ கேட்டால், கேட்கிற நிவாரணமே நாசமானது என்றாகிவிடும். அங்கே ‘டிசாஸ்டர்’ என்ற பெயர்ச்சொல்தான் வேண்டும். 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் ஆங்கிலப் பெயரிலும் அதுதான் இருக்கிறது.

எழுத்துக்கூட்டலில் இன்னும் கவனம் வேண்டும். ‘ஓ-யூ-எஸ்’ சேரும்போது ‘ஆர்’க்கு முன்னால் உள்ள ‘ஈ’ விழுந்துவிடும், ‘மான்ஸ்டர்’ ‘மான்ஸ்ட்ரஸ்’ ஆவதுபோல. ‘டேஞ்சரஸ்’ஸில் அந்த ‘ஈ’ நிற்பதால்தான் பலர் இங்கேயும் அதைப் போட்டுவிடுகிறார்கள். உச்சரிப்பிலும் மூன்று அசைதான், அழுத்தம் நடு அசையில்.

மூலம் இத்தாலிய ‘டிசாஸ்ட்ரோ’. ‘டிஸ்’ இங்கே கெட்ட என்ற பொருளில் வருகிறது, ‘ஆஸ்ட்ரோ’ நட்சத்திரம். பிரெஞ்சு வழியாக 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்துக்கு வந்தது. தொடக்கத்தில் ‘டிசாஸ்ட்ரஸ்’ என்றால் கிரகபலன் கூடாத, அதிர்ஷ்டமில்லாத என்றே பொருள்.

யாருக்கு நாசம் என்று சொல்ல, பின்னால் ‘ஃபோர்’ போடுங்கள்: ‘டிசாஸ்ட்ரஸ் ஃபோர் ஃபார்மர்ஸ்’.