சும்மா ப்ளஃப் அடித்தாலே லாபமா? வாட்ஸ்அப் கணக்கு தப்பு

காட்பாடி, குடியாத்தம் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "போக்கர் சீட்டாட்டத்தில் பத்துக்கு நாலு தடவை எதிராளி பயந்து விலகிவிடுவான். கையில் ஒன்றும் இல்லாவிட்டாலும் நடுவில் கிடக்கும் பணத்தின் அளவுக்கு ப்ளஃப் அடியுங்கள், லாபம் உறுதி. இது திறமை விளையாட்டு, தடையில்லை." கூடவே ஒரு செயலியின் லிங்க்.

அதிகம் ஃபோல்ட் செய்கிறவரிடம் (சீட்டைப் போட்டுவிட்டு விலகுகிறவரிடம்) ப்ளஃப், அதாவது நல்ல சீட்டு இருப்பதுபோல் காட்டிப் பணம் கட்டுவது, பலிக்கும் என்பது சரிதான். கணக்குதான் உதைக்கிறது. நடுவில் 100 ரூபாய், நீங்களும் 100 கட்டுகிறீர்கள். நூறில் 40 தடவை அவர் விலகினால் வரவு 4,000. மீதி 60 தடவையில் போவது 6,000. ஆக, 2,000 நட்டம். முழு அளவுக்குக் கட்டினால் அவர் பாதிக்கு மேல் விலக வேண்டும். 50 மட்டும் கட்டினால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விலகினாலே போதும். அதே 40-க்கு 1,000 மிஞ்சும். (50 ரூபாய்க்கும் அவர் அதே அளவு பயப்படுவாரா என்பது வேறு கதை.) பேனாவை எடுத்து நீங்களே போட்டுப் பாருங்கள்.

அப்புறம் சட்டம். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களில் திறமை, அதிர்ஷ்டம் என்று பிரித்துப் பார்க்கவில்லை. இரண்டையும் தடை செய்கிறது. மத்திய அரசிதழில் படிக்கலாம்.

இந்தச் செய்தியை யாருக்கும் அனுப்ப வேண்டாம். லிங்கில் பணம் கட்டி ஏமாந்திருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.