தோட்டத்து வெண்கலத்தில் பச்சை ஓடினால் அது அழகில்லை

திறந்தவெளியில் நிற்கும் வெண்கலச் சிற்பத்தில் பச்சைக் களிம்பு ஏறினால், ‘பழமையின் அழகு’ என்று சொல்லி விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. அரூபச் சிற்பத்தில் முகம், கை என்று கண் பற்றிக்கொள்ள எதுவும் கிடையாது. வளைவும் அதன்மேல் விழும் வெளிச்சமும்தான் சிற்பம். அதில் மழைநீர் இறங்கிய தடம் வரிவரியாக விழுந்துவிட்டால், கண் கோட்டின் பின்னால் போய்விடும், வளைவு தெரியாது.

எல்லாப் பச்சையும் ஒன்றல்ல. நகத்தால் சுரண்டினாலும் வராமல் கெட்டியாக ஒட்டியிருப்பது பெரும்பாலும் உலோகத்தைக் கெடுக்காது. வெளிர்பச்சைப் பொடியாக, புள்ளி புள்ளியாகக் கிளம்பி விரலில் ஒட்டிக்கொண்டு வந்தால்தான் பயப்பட வேண்டும். அது உப்பில் இருக்கும் குளோரைடின் வேலை. ஈரமும் காற்றும் சேரும்போது அமிலம் உண்டாகும், அது செம்பைத் தின்னும், அதிலிருந்து மறுபடி பொடி. மேலே மெழுகு பூசி மூடினால் அடியில் அரிப்பு தொடரும். உலோகச் சிற்பப் பாதுகாப்பு தெரிந்தவரைத்தான் கூப்பிட வேண்டும்.

நல்ல நிலையில் இருக்கும் சிற்பத்துக்கு வருடம் ஒரு முறை மெழுகு போதும். அமிலமோ காரமோ இல்லாத சோப்புத் திரவம் சில சொட்டு விட்ட தண்ணீரில் மென்மையான பிரஷ்ஷால் கழுவி, நன்றாக அலசி, முழுக்கக் காயவிடுங்கள். ஈரத்தின் மேல் பூசினால் மெழுகு வெளுத்துப்போகும். மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகை (பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் நுண்படிக மெழுகு) மெல்லிசாகத் தடவி, மங்கலாகக் காய்ந்ததும் பருத்தித் துணியால் தேயுங்கள். கனமாக ஒரு பூச்சைவிட மெல்லிசாக இரண்டு நல்லது. கனமாகப் பூசியது இடுக்குகளில் தங்கித் தூசி பிடிக்கும். பித்தளை பாலிஷ் பக்கமே போகாதீர்கள். பட்டறையில் உலோகத்தைச் சூடாக்கி ரசாயனம் தடவி ஏற்றிய நிறம் மிக மெல்லிய படலம், சில தேய்ப்பில் போய்விடும்.

மெழுகு இருக்கிறதா என்று பார்க்க ஒரு கை தண்ணீர் தெளித்தால் போதும். முத்து முத்தாக உருண்டால் இருக்கிறது. பரவி நனைத்தால் போய்விட்டது. ஆட்கள் தொடும் இடத்தில் முதலில் போகும். பிரிட்டிஷ் சிற்பி பார்பரா ஹெப்வொர்த் 1966-இல் செய்த ‘ஃபோர்-ஸ்கொயர் (வாக் த்ரூ)’ உள்ளே நடந்து போகவே வடித்தது. அப்படிப்பட்டவற்றில் கைபடும் விளிம்புகளை அடிக்கடி கவனிக்க வேண்டும்.

வெளியே தெரியாத கேடு உள்ளே. வார்த்த சிற்பம் பெரும்பாலும் உள்ளே வெற்றாக இருக்கும். மூடியே இருந்தாலும் உள்ளே வியர்த்துத் தண்ணீர் சேரும். உறைபனி விழும் ஊரில் அது பனிக்கட்டியாகி வெண்கலத்தையே பிளக்கும். ஆகவே அடிப்பகுதியின் மிகத் தாழ்ந்த இடத்தில் 8–10 மில்லிமீட்டர் வடிகால் துளை கட்டாயம். குழிவான மேற்பரப்பில் சருகு சேர்வதையும் பாருங்கள். பீடத்தில் இறக்கும் போல்ட் 316 ரகத் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். சாதா இரும்பு வெண்கலத்தோடு ஈரத்தில் சேர்ந்தால் இரும்புதான் அரிக்கும். துரு ஊதிப் பீடத்தை வெடிக்க வைக்கும்.

புல்லுக்கு வைத்த ஸ்பிரிங்க்ளர் சிற்பத்தின் மேல் அடிக்கிறதா? இன்றைக்கே திருப்பி வையுங்கள். அந்தத் தண்ணீரின் உப்பு தினமும் ஒரே பக்கத்தில் படிந்துகொண்டிருக்கிறது.